பேட்டரி கனெக்டர் பெயர்ந்துவிட்டால் போர்டு போய்விட்டது என்று அர்த்தமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகளின் 10 அங்குல டேப்லெட்டில் சார்ஜ் நிற்கவில்லை என்று புது பேட்டரி வாங்கி, வீட்டிலேயே மாற்ற உட்கார்ந்திருக்கிறீர்கள். பழைய பேட்டரியின் கனெக்டரை ட்வீசரால் நெம்பியபோது போர்டில் இருந்த சாக்கெட் ஒரு பக்கமாகக் கிளம்பி, அதைப் பற்றவைத்திருந்த செம்புத் திட்டுகளில், அதாவது பேடுகளில், இரண்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கடையில் காட்டினால் "போர்டு போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். சாக்கெட்டே வேண்டாம், பேட்டரி வயரை நேராகப் போர்டில் பற்றவைத்துவிடலாமா, வீட்டில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் போதுமா என்று கேட்கிறீர்கள். பற்றவைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது போர்டு உயிரோடு இருக்கிறதா என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு அயர்னுக்கு வருகிறேன். திருச்சியில் 17 வருடங்களாக இந்த வேலைதான் செய்கிறேன். பெயர்ந்த கனெக்டரோடு வரும் போர்டுகளில் பெரும்பாலானவை பிழைத்துப் போயிருக்கின்றன. உங்களுடையது பிழைக்குமா என்பது எந்த இரண்டு பேடுகள் போயின என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் யாரும் போர்டு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, போகவில்லை என்றும் சொல்ல முடியாது.

எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பத்திரப்படுத்துங்கள். பழையதோ புதியதோ, கனெக்டர் முனை திறந்து கிடந்தால் அதன் மேல் சூடு தாங்கும் ஹீட் டேப்போ சாதாரண இன்சுலேஷன் டேப்போ ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு ட்வீசர் நுனி பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரே நேரத்தில் தொட்டால் போதும், பொறி பறக்கும். போர்டில் வேலை செய்யும்போது பேட்டரி அதே மேசையில்கூட இருக்கக் கூடாது. உறைக்குள் இருக்கும் லித்தியம் செல்லுக்கு ஹாட் ஏர் கருவியின் சூடும் ஆகாது, நெம்பப் பயன்படும் கூர்மையான ஸ்பட்ஜரும் ஆகாது. பழைய பேட்டரியை ஒட்டியிருக்கும் பசையிலிருந்து கிளப்பும்போது அது மடங்கியிருந்தாலோ, பொருமியிருந்தாலோ, இனிப்பான ஒரு கெமிக்கல் வாசனை வந்தாலோ, அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள். என் கடையில் இதற்கென்றே ஒரு மணல் வாளி எப்போதும் இருக்கும்.

இப்போது மீட்டரை எடுங்கள். 300, 400 ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். போர்டில் பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு டயோடு மோடில் (அம்பும் கோடும் போட்ட குறியில்) வையுங்கள். சிவப்பு முனையைப் போர்டின் மேல் இருக்கும் தகர மூடியிலோ யூஎஸ்பி சாக்கெட்டின் உலோக உடலிலோ வையுங்கள், அதுதான் கிரவுண்ட். கருப்பு முனையைப் பேட்டரி பிளஸ் வரும் பேடில் வையுங்கள். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 0.3, 0.5 மாதிரி ஓரிடத்தில் நின்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். போர்டில் இருக்கும் கப்பாசிட்டர்கள் நிரம்புவதால்தான் அப்படி ஏறுகிறது. தொடும்போது ஒரு நொடி பீப் அடித்து நின்றாலும் பயமில்லை. ஆனால் 0-விலேயே நின்று பீப் ஓயாமல் அடித்தால் பேட்டரி லைன் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த நிலையில் கனெக்டர் வைத்துப் பயனில்லை, ஷார்ட்டைத்தான் முதலில் தேட வேண்டும். நெம்பும்போது ஷார்ட் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கனெக்டரை ஒட்டி எள் அளவில் இருக்கும் செராமிக் கப்பாசிட்டரில் ட்வீசர் நுனி பட்டு அது விரிசல் விட்டிருக்கும். விரிசல் விட்ட கப்பாசிட்டர் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அதை எடுத்துவிட்டால் ஷார்ட் போய்விடும். அந்த லைனில் அது மாதிரி இன்னும் பல இருப்பதால் ஒன்று இல்லாமலும் டேப்லெட் ஓடும். எடுத்த பிறகும் பீப் நிற்கவில்லையென்றால் பவர் ஐசியில், அதாவது மின்சாரத்தைப் பங்கிடும் சிப்பில், கோளாறு இருக்கலாம். அங்கிருந்து வீட்டு மேசையில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை உங்களையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நெம்பியபோது பொறி பறந்ததா? பறக்கவில்லை, மீட்டரிலும் ஷார்ட் இல்லை என்றால் போர்டின் ஐசிகள் நன்றாக இருக்கின்றன என்று நான் தயங்காமல் சொல்வேன். உடைந்தது வெறும் சாக்கெட்தான். பொறி பறந்திருந்தால், ஷார்ட் இல்லையென்றாலும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் அந்த நொடியே லைனைத் துண்டித்துப் போர்டைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமலும் விட்டிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஷார்ட் பட்ட பேட்டரியை அளந்தால் சில நேரம் 0 வோல்ட் காட்டும், பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். பாதுகாப்புச் சர்க்யூட் பூட்டிக்கொண்டதால் வரும் 0 அது. பல பேட்டரிகளில் சரியான சார்ஜிங் லைன் கிடைத்ததும் பூட்டு திறந்துகொள்ளும். நல்ல பேட்டரி 3.7 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் காட்டும்.

ஷார்ட் இல்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்தது, போன பேடுகளின் அடையாளம். கனெக்டரின் இரு முனைகளிலும் இருக்கும் பெரிய பேடுகள் பல மாடல்களில் மின்சாரத்துக்கானவையே அல்ல. சாக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் காதுகள் அவை. அவை பிய்ந்திருந்தால் பார்க்கப் பயங்கரமாகத் தெரியும், சேதமோ ஒன்றுமில்லை. அமுக்கிப் பொருத்தும் சிறு சாக்கெட்டுகளில் அகலமான பின்கள் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும், நடுவில் ஒல்லியானவை சிக்னலுக்கு. வயர் போட்டுச் செருகும் சாக்கெட்டில் சிவப்பும் கருப்பும் சில மாடல்களில் இரண்டிரண்டாக வரும், மற்ற நிறங்கள் சிக்னல். கிரவுண்டில் ஒரு முனையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேடாகத் தொட்டுப் பாருங்கள். பீப் அடிப்பதெல்லாம் மைனஸ். பக்கத்தில் இருக்கும் பெரிய கப்பாசிட்டரின் ஒரு முனையோடு பீப் அடிப்பது பெரும்பாலும் பிளஸ். எதனோடும் பீப் அடிக்காமல் தனியாக நிற்பவை சிக்னல். பேடு பிய்ந்த இடத்தை பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிர் மஞ்சளாக நார் நாராகத் தெரிவது போர்டின் கண்ணாடியிழை. அதன் நடுவே ஊசிமுனை அளவில் செம்புப் புள்ளி மினுங்கினால் உள் அடுக்குக்குப் போகும் துளை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் புள்ளி தெரிந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

போனவை மைனஸ் பேடுகள் என்றால் கவலையே வேண்டாம். கிரவுண்ட் போர்டு முழுக்க இருக்கிறது. பக்கத்திலேயே பச்சைப் பூச்சை பிளேடு நுனியால் லேசாகச் சுரண்டினால் செம்பு வந்துவிடும், அங்கே பிடித்துக்கொள்ளலாம். பிளஸ் போயிருந்தாலும் வழி இருக்கிறது. ஒரே லைன் இரண்டு பின்களில் வரும் சாக்கெட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் அதோடு சேர்த்துவிடலாம். இரண்டும் போயிருந்தால், அந்த லைன் போய்ச் சேரும் பெரிய கப்பாசிட்டரின் முனையிலிருந்து கம்பி இழுக்கலாம். அந்தக் கம்பி விஷயத்தில்தான் நான் தொழிலின் தொடக்கத்தில் ஒரு தப்பு செய்தேன். அறுந்த லைனுக்குப் பாலமாகப் போடும் ஜம்பருக்கு எப்போதும் வைத்திருக்கும் 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியையே பிளஸ்ஸுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன். டேப்லெட் ஆன் ஆனது, சார்ஜ் ஏறியது, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போனார். மூன்றாம் நாள் கருகிய வாசனையோடு திரும்பி வந்தார். அந்தக் கம்பி வெறும் காற்றில் சுமார் 2.5 ஆம்பியரில் உருகிவிடும். 10 வாட் சார்ஜர் போட்டால் பேட்டரிப் பக்கம் 2 ஆம்பியரைத் தாண்டும். உருகும் எல்லையின் விளிம்பில் நாளெல்லாம் அதை ஓடவிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் குறைந்து போடுவதில்லை. விட்டம் ஐந்து மடங்கு ஆனால் தடை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும். இடம் இல்லையென்றால் மெல்லிய செம்புத் தகட்டைப் பேடு அளவில் வெட்டிப் போடுவேன்.

உங்கள் டேப்லெட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அந்த ஒல்லியான சிக்னல் பேடுகள்தான். சிலவற்றில் ஒன்றே ஒன்று இருக்கும், சிலவற்றில் மூன்று, நான்கு. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் ஐசியோடு பேச இரண்டு, பேட்டரி எந்த வகை என்று அடையாளம் சொல்ல ஒன்று, சூடு அளக்க ஒன்று. சூடு அளப்பதை நாங்கள் என்டிசி என்போம், சூடு ஏற ஏறத் தடை குறையும் சிறு பொருள். உங்கள் புது பேட்டரியில் அது எந்தப் பின் என்று கண்டுபிடிக்கலாம். ஓம் மோடில் மைனஸுக்கும் ஒவ்வொரு சிக்னல் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். முனைகள் வழுக்கிப் பிளஸ்ஸைத் தொட்டுவிடக் கூடாது, கை நடுங்கினால் இதை விட்டுவிடுங்கள். பெரும்பாலான பேட்டரிகளில் அது 25 டிகிரியில் 10 கிலோ ஓம். நம் ஊரில் 35 டிகிரி அறையில் 7 கிலோ ஓம் பக்கம் காட்டும். வேறு மதிப்பு வைத்த பேட்டரிகளும் உண்டு. பேட்டரியின் மேல் விளிம்பில், சர்க்யூட் இருக்கும் இடத்தில் விரலை வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், எண் மெல்ல இறங்கினால் அதுதான் என்டிசி.

அந்தப் பேடு போய்விட்டால் டேப்லெட் பெரும்பாலும் ஆன் ஆகும், ஆனால் சார்ஜ் ஏறாது, அல்லது பேட்டரி சூடு சரியில்லை என்று எச்சரிக்கை காட்டும். லைன் அறுந்துவிட்டதால் பேட்டரி உறைபனியில் இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. இதற்கு ஒரு குறுக்கு வழி பரவலாக இருக்கிறது. போர்டில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை என்டிசி லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்துவிட்டால், எப்போதும் 25 டிகிரிதான் என்று டேப்லெட் நம்பிவிடும். உடனே சார்ஜ் ஏறும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், கடையில் செய்கிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வயரே இருக்கிறது. மகள் மெத்தைமேல், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டே பாடம் பார்ப்பாள். பேட்டரி கொதிக்கும்போது நிறுத்தச் சொல்ல அந்த ஒரு வயர்தான் உண்டு. அதை ஏமாற்றி ஒரு டேப்லெட்டை ஓட வைப்பதைவிட ஓடாமல் கிடக்கவிடுவது நல்லது என்பது என் கருத்து.

சரியான வழி அந்த லைனைத் திரும்ப இழுப்பதுதான். சிக்னலுக்கு ஓடுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கு என்பதால் அங்கே 0.1 மில்லிமீட்டர் கம்பி தாராளம். பேடிலிருந்து போகும் செம்புக் கோடு, அதாவது டிராக், மேலடுக்கில் ஓடினால் அதைச் சுரண்டி அங்கேயே பிடிக்கலாம். உள்ளடுக்கில் போனால், அந்த லைன் மறுபடி வெளியே வரும் ரெசிஸ்டரையோ, சோதனைக்காக விட்டிருக்கும் டெஸ்ட் பாயின்ட்டையோ கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அந்த மாடலின் சர்க்யூட் வரைபடம் வேண்டும், அல்லது பழுதான அதே மாடல் போர்டு ஒன்று வேண்டும். அந்தப் போர்டில் கனெக்டர் உடையாமல் இருக்கும், அதன் பின்னிலிருந்து மீட்டரால் தேடிப் போகலாம். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் ஸ்க்ராப் போர்டு கிடைக்கும், அதிலிருந்தே சாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளலாம். புது சாக்கெட் தனியாக வாங்கினால் பின் எண்ணிக்கை, பின்களின் இடைவெளி, உயரம் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் பேட்டரி முனை உட்காராது. அதே மாடல் ஸ்க்ராப்பில் அந்தக் கவலை இல்லை. ஐபேடின் பல மாடல்களில் செருகும் சாக்கெட்டே கிடையாது, பேட்டரியின் தொடுமுனைகளும் போர்டும் ஒரு ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஒட்டியிருக்கும். அங்கே பெயர்வது வேறு விதம், இந்தப் பதில் அதற்குப் பொருந்தாது. நீங்கள் சாக்கெட் என்று எழுதியிருப்பதால் உங்களுடையது அது இல்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி உங்கள் 25 வாட் அயர்ன். வயர் கனெக்டர் வைத்த பெரிய பேடுகளுக்கு, கூர்மையான நுனி இருந்தால், சிரமப்பட்டு முடிக்கலாம். அமுக்கிப் பொருத்தும் சிறு சாக்கெட்டுக்கு முடியாது. பேடு சின்னது என்பது ஒரு காரணம், கிரவுண்ட் இன்னொரு காரணம். கிரவுண்ட் பேடு போர்டு முழுக்கப் பரவிய செம்போடு சேர்ந்திருப்பதால் நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். ஈயம் உருகவில்லையே என்று அழுத்துவீர்கள், அழுத்தினால் பக்கத்துப் பேடும் கிளம்பிவிடும். ஒட்டியிருக்கும் செம்பு தலைமுடியைவிட மெல்லியது. தொழிற்சாலையில் போடும் ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் முதலில் ஈயம் நன்றாக ஓடி ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாக வைத்து, 183 டிகிரியில் உருகும் 63/37 சால்டரை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) அதன்மேல் கலந்துவிட்டுப் பிறகுதான் செம்புத் திரியால் உறிஞ்சி எடுப்பேன். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் பேடைப் பிய்க்கிறார்கள். சாக்கெட்டை வைக்கும்போது ஹாட் ஏரை மேலிருந்து அடித்தால் பிளாஸ்டிக் இளகிவிடும், போர்டின் அடிப்பக்கத்திலிருந்து சூடேற்றுவேன். அடிப்பக்கத்தில் ஐசி இருந்தால் அதுவும் முடியாது, மேலேயே ஹீட் டேப் சுற்றி மெல்லக் காற்றோட்டம் வைத்துச் செய்ய வேண்டும். கடைசியாக, இழுத்த கம்பிகள்மேல் புற ஊதா ஒளியில் இறுகும் யூவி மாஸ்க் பூச்சு ஒரு சொட்டு விட்டு இறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை பேட்டரி கழற்றும்போது அவைதான் முதலில் அறும்.

வயரை நேராகப் போர்டில் பற்றவைக்கலாமா என்றால், உங்கள் பேட்டரி வயர் வைத்ததாக இருந்து, எல்லா லைனும் கிடைத்திருந்தால், வேலை செய்யும். மலிவான பல டேப்லெட்டுகள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. ஆனால் பேட்டரி உயிரோடு இருக்கும்போதே பற்றவைக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். முதல் வயரைப் பிடித்துவிட்டு இரண்டாவதைப் பிடிக்கையில் கை வழுக்கினால் மிஞ்சிய போர்டும் போய்விடும். பேட்டரி வயரை ஒருபோதும் இரண்டையும் சேர்த்து வெட்டாதீர்கள், கத்தரியே ஷார்ட் ஆக்கிவிடும். செல்லின் தகட்டில் நேராகச் சால்டர் வைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம், அது ஸ்பாட் வெல்டிங் வேலை. பேட்டரி தகடு போன்ற நெகிழ் நாடாவில் வந்திருந்தால் நேராகப் பற்றவைப்பது என்ற பேச்சே இல்லை, சாக்கெட்தான். நானாக இருந்தால் வயர் பேட்டரிக்கும், போர்டில் சிறு வால் மாதிரி வயர் இழுத்து, அதன் நுனியில் ஆணும் பெண்ணுமாக ஒரு கனெக்டர் ஜோடி போடுவேன், உள்ளே இடம் இருந்தால். அடுத்த பேட்டரி மாற்றுபவருக்கு அது உதவும்.

"போர்டு போச்சு" என்ற கடைக்காரர்மேல் கோபம் வேண்டாம். மைக்ரோஸ்கோப் இல்லாத மேசையில் இந்த வேலை ஆகாது. ஒரு பேடைத் தேடிக் கம்பி இழுக்க இரண்டு மணி நேரம் போனால் அதற்கு யாரும் அந்தக் கூலி தருவதில்லை, அதனால் மாற்றச் சொல்கிறார்கள். மைக்ரோஸ்கோப் வைத்து ஐசி வேலை செய்யும் கடையாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். "ஜம்பர் போடுவீர்களா, என்டிசி லைனையும் இழுப்பீர்களா, ரெசிஸ்டர் வைத்து ஏமாற்ற மாட்டீர்களே?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி புரிந்து பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம். அவர் கேட்கும் கூலி, அதே மாடல் பழைய டேப்லெட் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேறு டேப்லெட்டைத்தான் சொல்வேன். படங்களும் பாடக் குறிப்புகளும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் கணக்கு வேறு.

யார் செய்தாலும், முதல் முறை ஆன் செய்யும்போது பேட்டரியை உள்ளே ஒட்டாதீர்கள், பின் மூடியும் போடாதீர்கள். டைல்ஸ் தரையில் வைத்து ஆன் செய்து, சார்ஜர் போட்டுப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். பழுது பார்த்த இடத்தை அவ்வப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக் கூடாது. பேட்டரி சதவீதம் ஒரேயடியாகக் குதிக்காமல் ஒன்றொன்றாக ஏற வேண்டும். சூடு அளக்கும் லைன் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பேட்டரி வெப்பம் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பேட்டரி விளிம்பில் உள்ளங்கையை வைத்தால் எண் ஓரிரு டிகிரி அசைய வேண்டும். 25-லேயே அசையாமல் நின்றால், யாரோ ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு, போர்டின் அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வழியாகப் படமெடுத்து, டயோடு மோடில் ஒவ்வொரு பேடுக்கும் வந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எந்த இரண்டு போயின என்று அதிலேயே தெரிந்துவிடும்.